கணக்கு வகுப்பில் வாசிப்பு, பேச்சு, எழுத்து: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர்களைக் குறுவள மையக் கூட்டங்களில் (அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடும் கூட்டங்கள்) சந்திக்கும்போதெல்லாம் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒருவர் டீ இடைவேளையில் கேட்டதை அடுத்த கூட்டத்தில் இன்னொருவர் கேட்பார். அதனால் அவரவர் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்துவிட்டேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன, தலையைச் சொறிய வைப்பவை பின்னால்.

கணக்கு பீரியட்ல வாசிப்பும் எழுத்தும் எதுக்கு சார்? அது தமிழ் ஆசிரியர் வேலைதானே?

எட்டாம் வகுப்பில் வரும் ஒரு வகைக் கணக்கை எடுத்துக்கொள்வோம்: "ஒரு கடைக்காரர் குறித்த விலையில் 10% தள்ளுபடி தந்தும் 8% இலாபம் பெறுகிறார்." இதில் பெருக்கல், வகுத்தல் எல்லாம் இரண்டு வரிதான். தள்ளுபடி எந்த விலையில்? இலாபம் எந்த விலையின் மேல்? 'தந்தும்' என்பதில் இருக்கும் 'உம்' என்ன சொல்கிறது? மாணவன் தடுக்கி விழுவது இந்த இடங்களில்தான். தமிழாசிரியர் 'குறித்த விலை', 'அடக்க விலை' பற்றி நடத்தப் போவதில்லை. அதை நாம்தான் நடத்த வேண்டும்.

2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டமும், கணக்கு என்பது பிள்ளைகள் தங்களுக்குள் பேசி விவாதிக்கக்கூடிய ஒன்று என்றுதான் சொல்கிறது. ஆனால் நம் வகுப்புகளில் கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அதில் வாசிப்பும் இல்லை, பேச்சும் இல்லை.

என் பசங்க எண்ணைக் கொடுத்தா நல்லா போடுறாங்க. வாக்கியக் கணக்குன்னா மட்டும் முழிக்கிறாங்க. சிக்கல் எங்க இருக்கு?

எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆன் நியூமன் 1977-இல் வெளியிட்டது. தவறாகப் போட்ட கணக்கையே மாணவரிடம் திரும்பக் கொடுத்து ஐந்து விஷயம் கேட்க வேண்டும். வாசித்துக் காட்டு. என்ன கேட்கிறார்கள் என்று உன் வார்த்தையில் சொல். எப்படிக் கண்டுபிடிக்கப் போகிறாய்? போட்டுக் காட்டு. கேட்ட கேள்விக்கு விடையை எழுது. எந்தப் படியில் நிற்கிறாரோ அங்கேதான் சிக்கல். நியூமன் பார்த்த ஆறாம் வகுப்பு மாணவர்களின் தவறுகளில் கிட்டத்தட்ட பாதி, கணக்குப் போடத் தொடங்கும் முன்பே, அதாவது முதல் மூன்று படிகளிலேயே நடந்திருந்தன.

ஐந்தாவது படியை நாம் சாதாரணமாக விட்டுவிடுகிறோம். "ஒரு பேருந்தில் 45 பேர் அமரலாம். 200 பேர் சுற்றுலா போக எத்தனை பேருந்து வேண்டும்?" 200-ஐ 45-ஆல் வகுத்து "ஈவு 4, மீதி 20" என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிடுவார்கள். வகுத்தல் சரி. அந்த 20 பேர் எதில் போவார்கள் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே 5 என்று திருத்துவார்கள். இவர்களுக்கு வகுத்தலை மறுபடி நடத்துவதில் பயன் இல்லை.

நாற்பது பேர் இருக்காங்க. ஒவ்வொருத்தரையும் உக்காரவச்சு அஞ்சு கேள்வி கேக்க முடியுமா?

முடியாது, வேண்டியதும் இல்லை. ஐந்து கேள்விகளையும் சார்ட்டில் எழுதி மாட்டிவிட்டு, இரண்டு இரண்டு பேராக ஒருவரை ஒருவர் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் நான்கைந்து பேரிடம் மட்டும் போய் உட்காருங்கள். அடுத்த வாரம் வேறு சிலரிடம்.

நோட்டுத் திருத்தும்போது தவறின் ஓரத்தில் வா, பு, மா, செ, எ என்று ஓர் எழுத்துப் போடலாம்: வாசிப்பு, புரிதல், மாற்றுதல், செய்முறை, விடை எழுதுதல். இரண்டு தேர்வுக்குப் பிறகு அந்த எழுத்துகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். உங்கள் வகுப்புக்கு எது தேவை என்று தெரிந்துவிடும்.

'மொத்தம்'னா கூட்டு, 'மீதி'ன்னா கழி, 'அதிகம்'னா கூட்டுன்னு சொல்லிக்கொடுத்தா சீக்கிரம் பிடிச்சுக்குவாங்களே?

சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள், ஆபத்தே அதுதான். "கமலாவிடம் 15 மாம்பழம் இருக்கிறது. அது ரவியிடம் இருப்பதைவிட 6 அதிகம். ரவியிடம் எத்தனை?" 'அதிகம்' என்றால் கூட்டு என்று பழகியவர் 21 என்பார். "இரண்டு மூட்டையில் மொத்தம் 50 கிலோ, ஒன்றில் 28 கிலோ" என்றால் 78 என்பார். முக்கியச் சொல் பழக்கம், வாக்கியத்தை வாசிக்காமலேயே தப்பிக்க ஒரு குறுக்கு வழி. நாம் வளர்க்க நினைப்பதற்கு நேர் எதிரானது. இதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதே இல்லை.

1980 வாக்கில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு குறும்புக் கணக்குக் கொடுத்தார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியாடு, 10 வெள்ளாடு. கேப்டனுக்கு என்ன வயது? 97 பேரில் 76 பேர் அந்த எண்களைச் சேர்த்து ஏதோ ஒரு விடை தந்துவிட்டார்கள். உங்கள் ஏழாம் வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். நாலைந்து பேராவது 36 என்று கை தூக்குவார்கள்.

மாற்று என்னவென்றால், எண்களை மறைத்துவிட்டுக் கதையை மட்டும் பலகையில் எழுதுவது. "கமலாவிடம் சில மாம்பழங்கள். அது ரவியிடம் இருப்பதைவிடச் சில அதிகம்." யாரிடம் அதிகம்? படம் வரை. என்ன கேள்வி கேட்கலாம்? இதெல்லாம் பேசி முடித்த பிறகு எண்ணைக் கொடுங்கள். பிடித்து ஓட எண் இல்லாதபோது வாக்கியத்தை வாசிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கலைச்சொல்லுக்கு வரையறையை மனப்பாடம் பண்ணவச்சா போதாதா?

வரையறை தெரியும், சொல் தெரியாது என்ற நிலைதான் வரும். 'பகுதி' என்றால் வீட்டில் ஏரியா, வகுப்பில் பின்னத்தின் கீழ் எண். 'தொகுதி' என்றால் வெளியே எம்.எல்.ஏ. தொகுதி, வகுப்பில் பின்னத்தின் மேல் எண். 'மாறி' என்றால் வெளியே "ஆள் மாறிவிட்டான்", வகுப்பில் எண்ணுக்குப் பதிலாக நிற்கும் எழுத்து. இப்படிப் பிள்ளைகள் ஏற்கெனவே வேறு பொருளில் வைத்திருக்கும் சொற்கள்தான் குழப்பும். 'இணைகரம்' மாதிரி முன்பின் கேட்டிராத சொல் அவ்வளவு குழப்புவதில்லை.

ஒரு தாளை நான்காக மடித்து, நடுவில் சொல்லை எழுதி, நான்கு கட்டத்தில் நான்கு விஷயம் எழுதச் சொல்லலாம்: அவர்கள் வார்த்தையில் விளக்கம், பண்புகள், எடுத்துக்காட்டு, எடுத்துக்காட்டு அல்லாதது. அமெரிக்காவில் டோரத்தி ஃப்ரேயர் 1969-இல் உருவாக்கிய அமைப்பு இது. உண்மையான வேலை நாலாவது கட்டத்தில் நடக்கும். 'சரிவகம்' என்ற சொல்லுக்கு முக்கோணத்தை 'அல்லாதது' என்று எழுதுவது சுலபம். சரிவகம் போலவே தெரிந்து, ஆனால் சரிவகம் ஆகாத ஒரு நாற்கரத்தை வரையச் சொன்னால்தான், எதிர்ப்பக்கங்களில் ஒரு சோடி இணையாக இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்குவார்கள்.

'8-ஆல் வகு', '8-ஐ வகு' ரெண்டையும் ஒண்ணாவே எடுத்துக்கிறாங்க. என்ன செய்யலாம்?

தமிழில் கணக்கின் பாதிப் பொருள் உருபில் இருக்கிறது. ஆனால் ஐ, ஆல், கு, இன் என்று இலக்கண வகுப்பில் ஒப்பித்தவர்களுக்கு அதே உருபுதான் இங்கே வேலை செய்கிறது என்று யாரும் சொல்வதில்லை. 25, 20 என்ற இரண்டே எண்களைப் பாருங்கள். 25-இல் 20% என்றால் 5. 25-ஐவிட 20% அதிகம் என்றால் 30. 25-இல் 20 என்பது எத்தனை சதவீதம் என்றால் 80. எண் மாறவில்லை, விடை மூன்று.

இன்னொன்று: 500 ரூபாய்ச் சட்டை "150 ரூபாய் குறைந்தது", "150 ரூபாயாகக் குறைந்தது". முதலாவதில் நாம் தர வேண்டியது 350, இரண்டாவதில் 150. இந்த மாதிரி இரட்டை வாக்கியங்களை வாரத்துக்கு ஒன்று பலகையில் போட்டு, என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் போதும். பிறகு அவர்களையே இப்படிச் சோடி வாக்கியம் எழுதிவரச் சொல்லுங்கள். தமிழாசிரியரையும் கூப்பிட்டுக் காட்டினால் அவர் பாடத்துக்கும் உதவும்.

ஏழாவது வந்தும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். அவன்கிட்ட வாக்கியக் கணக்கை எப்படிக் கொடுக்கிறது?

முதலில் நாம் வழக்கமாகச் செய்வதை நிறுத்த வேண்டும். "இவனுக்கு வாசிக்க வராது, அதனால் வெறும் எண் கணக்கு மட்டும்" என்று ஒதுக்கிவிடுகிறோம். அப்படி ஒதுக்கினால் கணக்கு வகுப்பில் அவன் வாசிக்கும் வாய்ப்பே போய்விடும். இரண்டாவது, அவனுக்குக் கணக்கும் வராது என்று முடிவு கட்டாதீர்கள். சாயங்காலம் மளிகைக் கடையில் நின்று மீதிச் சில்லறை கொடுப்பவனாக அவன் இருக்கலாம்.

கணக்கை நீங்களோ பக்கத்தில் இருப்பவரோ வாசித்துக் காட்டுங்கள். அவன் அதைக் கதையாகத் திருப்பிச் சொல்லட்டும், படம் வரையட்டும், போடட்டும். எல்லாம் முடிந்த பிறகு அதே கணக்கை அவனே வாசிக்கட்டும். பொருள் ஏற்கெனவே தெரிந்த வாக்கியத்தை வாசிப்பது எளிது, பயமும் குறையும். நாளுக்கு ஒரு கணக்கு, இரண்டு மூன்று வரி. எழுத்தே தெரியாத நிலை என்றால் அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், அதைக் கணக்கு பீரியடில் ஈடுகட்ட முடியாது.

பேசச் சொன்னா ஒருத்தரும் வாயே திறக்கிறதில்ல.

கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம்? மேரி பட் ரோ என்பவர் 1970-களில் அமெரிக்க வகுப்பறைகளைப் பார்த்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் ஆக்கியதும் பதில்கள் நீளமாயின, பேசாதவர்களும் பேசினார்கள். நம் வகுப்பிலும் அந்த மூன்று விநாடி யுகமாகத்தான் தெரியும். மனசுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கேள்வியையே மாற்ற வேண்டும். "விடை என்ன?" என்றால் ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். "அடுத்தடுத்து வரும் மூன்று எண்களைக் கூட்டினால் 3-ஆல் வகுபடும்: எப்பவுமா, சில நேரமா, ஒருபோதும் இல்லையா?" என்று கேட்டால் பக்கம் சேர்ந்துகொண்டு வாதாடுவார்கள். முதலில் தனியாக யோசிக்க ஒரு நிமிடம், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு, அப்புறம்தான் வகுப்புக்கு. நேராக எழுந்து நின்று நாற்பது பேர் முன்னால் பேசு என்றால் நமக்கே உதறும்.

ஆரம்பத்தில் வாய்க்கு வாக்கியம் கொடுத்து உதவலாம்: "நான் இப்படி நினைக்கிறேன், ஏன்னா…", "அவ சொன்னதுல இந்த இடம் புரியல", "அது எல்லா எண்ணுக்கும் வருமா?" பேச்சுத் தமிழிலேயே இருக்கட்டும். உரைநடைத் தமிழில்தான் பேச வேண்டும் என்றால் வகுப்பு மறுபடி ஊமையாகிவிடும்.

பேச விட்டா ஒரே சத்தம். ஹெச்.எம். வந்து எட்டிப் பாக்கிறார்.

உள்ளே அழைத்து ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, பிள்ளைகள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். சத்தம் கணக்கைப் பற்றியது என்றால் அவரே புரிந்துகொள்வார். சினிமாவைப் பற்றியது என்றால் கேள்வி சப்பையாக இருந்திருக்கிறது, அல்லது நேரம் அதிகம் கொடுத்துவிட்டீர்கள். இரண்டு நிமிடம் தாண்ட வேண்டாம்.

எழுதச் சொல்றீங்க. கணக்குல என்னத்த எழுதச் சொல்றது?

காரணம் எழுத வேண்டிய கேள்வியாகக் கொடுங்கள். ஒரு பொருளின் விலையை 20% குறைத்து, பிறகு 20% கூட்டினால் பழைய விலை வருமா? முதல் தடவை இப்படித்தான் எழுதுவார்கள்: "100-ல 20 போச்சு 80. 80-ல 20% 16. விடை 96." இதில் கணக்கு இருக்கிறது, காரணம் இல்லை. "சரி, ஏன் 100 வரவில்லை?" என்று மட்டும் கேட்டுத் திருப்பிக் கொடுங்கள். "குறைத்தது 100-இல் 20%. கூட்டியது 80-இல் 20%. 80 சிறிய எண் என்பதால் அதன் 20 சதவீதமும் சிறியது. அதனால் குறைத்த அளவுக்குக் கூட்டவில்லை" என்று இரண்டாம் வரைவில் ஒரு சிலராவது எழுதுவார்கள். 'என்பதால்', 'அதனால்' என்ற சொற்கள் வந்துவிட்டாலே தர்க்கம் வரத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் தாளைப் பலகையில் ஒட்டுங்கள்.

எனக்குப் பிடித்த இன்னொன்று: ஒருவன் 1/2 + 1/3 = 2/5 என்று போட்டிருக்கிறான். சரியான விடையைக் கண்டுபிடிக்காமலேயே இது தவறு என்று அவனுக்கு எழுதிக் காட்ட வேண்டும். 2/5 என்பது அரையைவிடச் சிறியது. அரையோடு இன்னும் கொஞ்சம் கூட்டினால் அரையைவிடக் குறையுமா? இந்த இரண்டு வரியைக் கண்டுபிடித்த பிள்ளை, பின்னக் கூட்டலை அதற்குப் பிறகு அப்படிப் போடாது.

கதை எழுதுவதும் உண்டு. 3/4 ÷ 1/8 = 6 என்பதற்கு ஒரு வாக்கியக் கணக்கு எழுதச் சொல்லுங்கள். "முக்கால் லிட்டர் பாலை எட்டுப் பேருக்குப் பிரித்தான்" என்றுதான் முதலில் வரும். அது எட்டால் வகுப்பது, விடை 6 ஆகாது. "அரைக்கால் லிட்டர் பிடிக்கும் டம்ளரில் முக்கால் லிட்டர் பாலை ஊற்றினால் எத்தனை டம்ளர்?" என்பது வரை பேசிப் பேசித்தான் வருவார்கள். அரைக்கால் என்றால் என்ன என்று தாத்தாவிடம் கேட்டுவரச் சொல்லலாம். பின்ன வகுத்தல் புரிந்ததா என்று பார்க்க இதைவிட நல்ல கேள்வியை நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் எப்படித் திருத்துறது? எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்கலாமா?

குறைக்க வேண்டாம். 'வகுத்தல்' என்பதை 'வகுதல்' என்று எழுதினால் வட்டமிட்டுவிட்டுப் போங்கள். சுற்றளவு என்று எழுத வேண்டிய இடத்தில் பரப்பளவு என்று எழுதினால் அது கணக்குத் தவறு, அதற்குக் குறைக்கலாம். அலகு விட்டுப்போனாலும் அப்படியே.

எல்லாவற்றையும் திருத்த முயலாதீர்கள். பதினைந்து நாளுக்கு ஒரு எழுத்து வேலையைத் திருத்தினால் போதும். மற்றவற்றைப் பக்கத்தில் இருப்பவர் வாசித்து, "இந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை" என்று ஓரத்தில் கோடு போட்டால் அதுவே திருத்தம்.

எங்க ஸ்கூல்ல இங்கிலீஷ் மீடியம் செக்ஷன். தமிழ்ல பேச விடலாமா?

தாராளமாக. யோசிப்பதும் பேசுவதும் தமிழில் நடக்கட்டும், கடைசியில் எழுதும் இரண்டு மூன்று வாக்கியம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். தெரியாத மொழியில் தெரியாத கணக்கைப் பேசு என்றால் இரண்டும் நடக்காது.

ஒரு இடத்தில் தமிழ் கூடுதலாகவே கைகொடுக்கும். 'ஃபைவ் லெஸ் தேன் எ நம்பர்' என்றால் சொல் வரும் வரிசையிலேயே 5-இலிருந்து அந்த எண்ணைக் கழித்துவிடுவார்கள். "ஒரு எண்ணைவிட 5 குறைவு" என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் எண் முதலில் வருகிறது, 5 பிறகு வருகிறது. இயற்கணிதம் தொடங்கும் ஆறாம் வகுப்பில் இதை ஒரு பழக்கமாகவே ஆக்கிவிடலாம்.

தப்பான விடையை எல்லார் முன்னாடியும் பேசினா அந்தப் பிள்ளைக்கு அவமானமா இருக்காதா?

பெயரோடு பேசினால் இருக்கும். பெயர் இல்லாமல், உங்கள் கையெழுத்தில், இரண்டு விதமான வழிமுறையைப் பலகையில் எழுதி "எது சரி, ஏன்?" என்று கேளுங்கள். சில நேரம் இரண்டுமே சரியாக இருக்கட்டும். அப்போதுதான், டீச்சர் எழுதினாலே ஏதோ தப்பு இருக்கும் என்று ஊகிக்க மாட்டார்கள்.

அட்டவணை, வரைபடம் எல்லாம் வாசிப்புல சேருமா?

கண்டிப்பாக. வீட்டு மின் கணக்கீட்டு அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளவெடுக்கிறார்கள், வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அப்படியானால் 130 யூனிட் ஓடிய வீட்டுக்கு 130-க்கும் கட்டணமா, 30-க்கு மட்டுமா? வகுப்பு இரண்டாகப் பிரியும். 30-க்குத்தான் என்பதை அட்டையிலிருந்தே காட்டி நிறுவச் சொல்லுங்கள். எந்தக் கட்டத்தில் எந்த எண், முந்தைய அளவு எது, இப்போதைய அளவு எது என்று விரலை வைத்து வாசிப்பது ஒரு பத்தியை வாசிப்பதைவிடக் கடினமான வாசிப்பு.

இவ்வளவும் செஞ்சா சிலபஸ் எப்ப முடிக்கிறது?

பயிற்சியில் ஒரே மாதிரி இருபது கணக்கு இருந்தால் பன்னிரண்டு போடுங்கள். மிச்ச நேரத்தில் ஒன்றைப் பேசி எழுதலாம். தினமும் முழு பீரியடும் இதற்காக வேண்டாம், நாளுக்கு எட்டுப் பத்து நிமிடம் போதும். தேர்வு பயம் இருந்தால் இதையும் யோசியுங்கள்: எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வின் மனத்திறன் தாளில் 90 நிமிடத்தில் 90 வினா. வினாவை வாசித்துப் புரிந்துகொள்ளும் வேகம் இல்லாத பிள்ளைக்கு அதில் நேரம் போதாது.

நல்லா படிக்கிற பசங்களே சமன்பாடு எழுதும்போது தலைகீழா எழுதுறாங்களே, ஏன்?

"ஒரு பள்ளியில் ஆசிரியர்களைப்போல மாணவர்கள் 6 மடங்கு." மாணவர் எண்ணிக்கை 'மா', ஆசிரியர் எண்ணிக்கை 'ஆ' என்றால் நிறையப் பேர் 6மா = ஆ என்று எழுதுவார்கள். நம் பிள்ளைகள் மட்டும் இல்லை. 1981-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களில் 37% பேர் இப்படிப்பட்ட கணக்கைத் தவறாக எழுதினார்கள். 'மா' என்பதை எண்ணிக்கையாகப் பார்க்காமல் "மாணவர்" என்பதன் சுருக்கமாகப் பார்ப்பது ஒரு காரணம். "ஆறு மாணவருக்கு ஓர் ஆசிரியர்" என்று அப்படியே மனசில் ஓடுகிறது, கையும் அப்படியே எழுதிவிடுகிறது.

கலைச்சொல்லுக்குச் சொன்ன 'மாறி' குழப்பத்தோடு இதையும் சேர்த்துப் பார்க்கலாம். எழுத்து எதைக் குறிக்கிறது என்பதை முழு வாக்கியமாக எழுதவைத்தால் பாதி சரியாகும்: "மா என்பது மாணவர்களின் எண்ணிக்கை." பிறகு எண் போட்டுச் சோதிக்கட்டும். ஆசிரியர் 10 பேர் என்றால் மாணவர் 60. 6மா என்றால் 360, அது 10-க்குச் சமமா? தவறு அவர்கள் கண்ணிலேயே பட்டுவிடும்.

அழகா விளக்கம் எழுதுறா, ஆனா விடை தப்பு. பாராட்டுறதா, திருத்துறதா?

விளக்கம் அழகாக இருக்கிறது என்பதற்காக விட்டுவிடக் கூடாது. எந்த வரியில் தடம் மாறியது என்று அந்த வரியை மட்டும் சுட்டிக்காட்டுங்கள். விளக்கம் எழுதியதால்தான் அந்த வரி உங்களுக்குத் தெரிகிறது என்பதை அவளிடமும் சொல்லுங்கள். வெறும் விடை எழுதியிருந்தால் சிவப்புக் கோடு மட்டும்தான் கிடைத்திருக்கும்.

"மனசுலயே போட்டுட்டேன், எதுக்கு எழுதணும்?"னு ஒருத்தன் கேக்கிறான். என்ன பதில் சொல்றது?

எளிய கணக்கு என்றால் அவன் கேட்பது நியாயம்தான். 15-இன் மூன்று மடங்குக்கு வழிமுறை எழுது என்று கட்டாயப்படுத்தினால் எழுத்தின் மேலேயே வெறுப்பு வரும். மனசு தாங்காத கேள்வியைக் கொடுங்கள். இரண்டு ஒற்றை எண்களைக் கூட்டினால் எப்பவும் இரட்டை எண்தானா? 3 + 5, 7 + 9 என்று அடுக்குவான். "எல்லா எண்ணுக்கும் போட்டுப் பார்த்துட்டியா?" என்று கேளுங்கள். ஒவ்வொரு ஒற்றை எண்ணிலும் சோடி சேராமல் ஒன்று மிஞ்சும், அந்த இரண்டு மிச்சமும் சேர்ந்து ஒரு சோடியாகும் என்பதை அவன் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதியதை அடுத்த பெஞ்சில் கொடுத்துவிடுங்கள். அங்கிருந்து ஏதாவது கேள்வி வந்தால் நீங்கள் பதில் சொல்லாமல் அவனையே அனுப்புங்கள்.